கண்ணாடிக்காரனின் லண்டன்: ஆறு நாள்

நாள் 1, திங்கள்: ஈஸ்ட் ஹாம்

விமானத்தில் பொட்டுத் தூக்கம் இல்லை. ஈஸ்ட் ஹாம் ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் கடை வாசலில் கட்டுக்கட்டாக முருங்கைக்காய், எங்கிருந்தோ தோசை வாசம். இங்கிலாந்து வந்த மாதிரியே இல்லை. அக்கா மகன் வீடு பத்து நிமிட நடை. “மாமா, நாளைக்கு லண்டன் ஐ போலாமா, அரண்மனை பார்க்கலாமா?” என்றான். “அதெல்லாம் உன் அத்தை வரும்போது கூட்டிட்டுப் போ. நான் வந்தது ஒரே ஒரு கம்பெனியைப் பார்க்க” என்றேன். பையன் முழித்தான்.

நான் கோவையில் 23 வருடமாகக் கண்ணாடி, அலுமினிய வேலை எடுத்துச் செய்கிறவன். எங்கள் தொழிலில் ‘ஃபோஸ்டர் அண்ட் பார்ட்னர்ஸ்’ என்ற லண்டன் கட்டட வடிவமைப்புக் கம்பெனியின் பேரை, அந்தப் பேர் தெரியாமலே சுமந்துகொண்டிருப்போம். கட்டட முதலாளி ஏதோ பத்திரிகையில் கிழித்த பக்கத்தை மேசையில் வைத்து, “இதே மாதிரி வேணும்” என்பார். உற்றுப் பார்த்தால் அது பெரும்பாலும் இவர்கள் வேலையாகவோ, இவர்களைப் பார்த்து யாரோ செய்த வேலையாகவோ இருக்கும். அப்படி ஒரு பக்கத்தை நம்பி அவினாசி சாலையில் ஒரு ஷோரூமுக்குச் சாய்வுக் கண்ணாடி போட்டேன். ஐப்பசி மழையில் முதல் நாளே உள்ளே ஒழுகியது. மூட்டை அடைக்கும் சிலிக்கான் பசையை வெட்டியெடுத்து மூன்று தடவை மாற்றிப் போட்டோம். கடைசி பில் இன்றுவரை வரவில்லை. அந்த வேலையைத் தொடங்கும் முன்பே எங்கள் மூத்த ஃபிட்டர் அந்தப் படத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு ஒன்றுதான் கேட்டார்: “அதெல்லாஞ் சரிங்ணா, தண்ணி எங்க போகுதுங்?”

படத்தில் அது இல்லை. அதைப் பார்க்கத்தான் இவ்வளவு தூரம்.

சாயங்காலமே பொறுக்காமல் கேனரி வார்ஃப் ஸ்டேஷனுக்குப் போனோம். வெஸ்ட் ஹாமில் ஜூபிலி லைனுக்கு மாறினால் மூன்றாவது ஸ்டேஷன். இவர்கள் வரைந்தது, 1999இல் திறந்தது. ஒரு பழைய கப்பல் துறையின் தண்ணீரை இறைத்துவிட்டு அந்தப் பள்ளத்துக்குள்ளேயே கட்டியிருக்கிறார்கள். பக்கத்தில் நிற்கும் 235 மீட்டர் கோபுரத்தைப் படுக்கவைத்தால் உள்ளே அடங்கிவிடும் என்று சொல்வார்கள். கான்கிரீட்டுக்குப் பூச்சு கிடையாது, ஷட்டரிங் பலகை எடுத்தது எடுத்தபடி நிற்கிறது. நம் ஊரில் இப்படி விட்டால் “வேலை முடியலையா?” என்பார்கள். எஸ்கலேட்டரில் ஏறும்போது மேலே கண்ணாடி விதானம் மெல்ல மெல்ல விரிகிறது. அங்கே வழி காட்டும் பலகையே தேவையில்லை, வெளிச்சம் இருக்கும் பக்கம் நடந்தால் வெளியே வந்துவிடலாம். சரி, முதல் நாளுக்கு இது போதும்.

நாள் 2, செவ்வாய்: ஆடிய பாலம், ஆடாத கட்டடம்

செயின்ட் பால்ஸ் தேவாலயத்தின் பக்கத்திலிருந்து மில்லேனியம் பாலத்தில் நடந்தேன். ஃபோஸ்டர், சிற்பி அந்தோணி கரோ, பொறியியலுக்கு அரூப் நிறுவனம். மூவர் கூட்டணி. வழக்கமான தொங்குபாலத்தில் கம்பிவடம் உயரத்திலிருந்து தாழ்ந்து வரும். இங்கே பார்வையை மறைக்கக் கூடாதென்று வடங்களைப் பக்கவாட்டில் போட்டு, 144 மீட்டர் நடு இடைவெளிக்கு வெறும் 2.3 மீட்டர் தொய்வு மட்டும் விட்டிருக்கிறார்கள். துணி காயப்போடும் கொடியை விறைப்பாகக் கட்டினால் எவ்வளவு இழுவிசை வரும் என்று கட்டியவர்களுக்குத் தெரியும். அதே கதைதான், ஆற்றுக்கு மேல்.

2000 ஜூன் 10 அன்று திறந்தார்கள். கூட்டம் ஏறியதும் பாலம் பக்கவாட்டில் ஆட ஆரம்பித்தது. இதில் வேடிக்கை, யாரும் சேர்ந்து நடக்கவில்லை. பாலம் துளி அசைந்ததும் விழாமலிருக்க ஆளாளுக்குக் காலை அகட்டி வைக்கிறார்கள். அந்தக் கால்வைப்பு அசைவின் தாளத்தோடு சேர்ந்துகொள்கிறது, அசைவு கூடுகிறது, இன்னும் அகட்டுகிறார்கள். பரிசலில் ஒருவன் எழுந்தால் எல்லோரும் எழுவது போல. இரண்டே நாளில் மூடிவிட்டார்கள். அப்புறம் கார் ஷாக் அப்சார்பர் மாதிரியான 37 தணிப்பான்களும், இன்னும் ஐம்பதுக்கு மேல் எடைத் தணிப்பான்களும் பொருத்தி, 2002 பிப்ரவரியில் திரும்பத் திறந்தார்கள். அந்தச் செலவு மட்டும் சுமார் 50 லட்சம் பவுண்டு. லண்டன்காரர்கள் வைத்த ‘ஆடும் பாலம்’ என்ற பட்டப்பேர் மட்டும் சரியாகவில்லை.

தென்கரையில் இறங்கி அடியிலிருந்து அண்ணாந்து பார்த்தேன். தணிப்பான்கள் குழாய் குழாயாகத் தெரிகின்றன. இவற்றை ஒளித்து வைக்க முயன்றிருக்கிறார்கள், ஆனால் எங்கே பார்க்க வேண்டுமென்று தெரிந்தவனிடம் எதையும் ஒளிக்க முடியாது. மேலே அலுமினியத் தளத்தில் காலடியில் ஒட்டிக் காய்ந்த சூயிங்கத்தின் மேல் யாரோ நகக்கண் அளவில் ஓவியம் தீட்டியிருக்கிறார்கள். ஒரு செயின்ட் பால்ஸ் கூட உண்டு. குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன், பின்னால் வந்த பெண்மணி நான் எதையோ தொலைத்துவிட்டேன் என்று நினைத்து அவரும் சேர்ந்து தேடினார்.

இன்னொன்று: 2023இல் பராமரிப்புக்காகப் பாலத்தை மூடியபோது, ஒரு பழைய துணைவிதிப்படி அடியிலிருந்து வைக்கோல் கட்டைத் தொங்கவிட்டார்கள். பாலத்தின் அடி உயரம் குறைந்தால் படகுக்காரர்களுக்கு எச்சரிக்கை. கணினியில் வரைந்த பாலத்துக்கும் வைக்கோல்தான் காவல்.

எங்கள் தொழிலில் கட்டடம் நன்றாயிருந்தால் ஆர்க்கிடெக்ட் பேர், ஒழுகினால் கண்ணாடிக்காரன் பேர். இங்கே ஒருமுறையாவது பழி மேலே இருந்தவர்கள் தலையில் விழுந்தது என்பதில் எனக்கு அற்ப சந்தோஷம். மறைக்கவில்லை.

அங்கிருந்து நடை தூரத்தில், இவர்கள் வரைந்த இன்னொன்று: நிதிச் செய்தி நிறுவனமான புளூம்பெர்க்கின் ஐரோப்பியத் தலைமையகம். 2017இல் முடிந்தது, அடுத்த ஆண்டே பிரிட்டனின் பெரிய கட்டடக்கலைப் பரிசான ஸ்டெர்லிங் பரிசு. வெளியே டெர்பிஷர் மணற்கல், சுமார் 9,600 டன். ஜன்னல்களுக்கு முன்னால் வெண்கலத் தகடுகள், ஜப்பானிலிருந்து வந்தது 600 டன். கிரானைட் நம் இந்தியாவிலிருந்து. கிருஷ்ணகிரி பக்கம் பாறைக் கட்டியைச் சங்கிலி போட்டு ஏற்றிப் போகும் லாரிகள் நினைவுக்கு வந்தன. சுற்றுச்சூழல் மதிப்பீட்டில் 98.5 விழுக்காடு வாங்கிய கட்டடம் இவ்வளவையும் கடல் தாண்டி வரவழைத்தது பற்றி அப்போதே விமர்சனம் வந்தது. எனக்கும் அது உறுத்துகிறது. ஆனால் வெண்கலத் தகட்டின் விளிம்பை விரலால் தடவிப் பார்த்தேன், ஒரு பிசிறு இல்லை. இப்படிப்பட்ட வேலையைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.

உள்ளே போக அட்டை வேண்டும். அடித்தளத்துக்கு வேண்டாம். அங்கே ரோமானியர் கும்பிட்ட மித்ரா என்ற தெய்வத்தின் கோயிலை அதன் பழைய இடத்தை ஒட்டியே மீண்டும் அமைத்து இலவசமாகக் காட்டுகிறார்கள். அடித்தளம் தோண்டியபோது கிடைத்த ரோமானிய எழுத்துப் பலகைகள் 405. அதில் ஒன்று கி.பி. 57 ஜனவரி 8 தேதியிட்டது. வாங்கிய சரக்குக்கு 105 தெனாரி (ரோமானிய வெள்ளிக்காசு) தர வேண்டியிருக்கிறது என்று ஒருவர் எழுதிக் கொடுத்த கடன்சீட்டு. பாக்கி வைப்பதற்கு 2,000 வருடப் பழக்கம் இருக்கிறது. அவராவது எழுதிக் கொடுத்தார்.

நாள் 3, புதன்: கூரைக்குக் கீழே

பிரிட்டிஷ் மியூசியம். பிரிட்டிஷ் நூலகம் செயின்ட் பேங்க்ராஸுக்குப் போன பிறகு காலியான நடு முற்றத்துக்கு இவர்கள் வரைந்த கண்ணாடிக் கூரையைப் போட்டு 2000 டிசம்பரில் திறந்தார்கள். நடுவில் 1857இல் கட்டிய வட்டமான வாசகசாலை, சுற்றிலும் செவ்வக முற்றம். அந்த வட்டமும் சரியாக நடுவில் இல்லை, சில மீட்டர் வடக்கே தள்ளி நிற்கிறது. செவ்வகத்துக்கும் தள்ளி நிற்கும் வட்டத்துக்கும் இடையில் கூரை போட்டால் என்ன ஆகும்? மொத்தம் 3,312 கண்ணாடி முக்கோணங்கள். எல்லாமே வேறு வேறு அளவு.

இதைப் படிக்கிறவர்களுக்கு இது வெறும் எண்ணாகத் தெரியலாம். எனக்கு வயிற்றைக் கலக்கியது. டஃபன் செய்த, அதாவது சூடாக்கிக் கெட்டியாக்கிய கண்ணாடியைச் சைட்டில் வெட்டவோ துளைக்கவோ முடியாது. அளவு தப்பினால் தூக்கிப் போட வேண்டியதுதான். ஆளுக்கொரு அளவில் 3,312 கண்ணாடி வந்து இறங்கினால் எந்த மரப்பெட்டியை முதலில் பிரிப்பது? ஒவ்வொன்றுக்கும் நம்பர், ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம். அந்தக் கூரையின் கணக்கைப் போட்டது பாத் பல்கலைக்கழகத்தின் கிறிஸ் வில்லியம்ஸ், பொறியாளர்கள் பூரோ ஹாப்போல்ட். பெஞ்சில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தேன். கழுத்து பிடித்துக்கொண்டது.

இன்னும் அழகு, கண்ணுக்குத் தெரியாத இடத்தில். கண்ணாடியும் எஃகுமாகக் கூரை சுமார் 800 டன். அவ்வளவு எடை சும்மா கீழே அழுத்துவதோடு நிற்காது, வளைந்த கூரை ஓரத்தில் வெளிப்பக்கமாகவும் தள்ளும். பழைய சுவர் அந்தத் தள்ளலைத் தாங்காது. அதனால் சுவரோரத்தில் கூரையை இறுக்கிக் கட்டாமல் வழுக்கும் தாங்கிகளின் மேல் உட்கார வைத்திருக்கிறார்கள். வெயிலில் விரியும், குளிரில் சுருங்கும், சுவரைத் தொந்தரவு செய்யாது. நடுப்பக்கம் 20 எஃகுத் தூண்கள், வாசகசாலையைச் சுற்றிப் போட்ட புதுக் கல்லுக்குள் ஒளிந்திருக்கின்றன.

எல்லாம் சரியாக நடக்கவில்லை. தெற்கு முகப்பைப் புதிதாகக் கட்டியபோது போர்ட்லேண்ட் கல் வந்திருக்க வேண்டிய இடத்தில் பிரெஞ்சுக் கல் வந்துவிட்டது. அப்போது பெரிய ரகளை. மற்ற மூன்று பக்கமும் பார்த்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பினால் இப்போதும் வெளுப்பு வித்தியாசம் தெரிகிறது. பொருள் மாறி வந்து இறங்குவது நமக்கு மட்டும் நடப்பதல்ல.

கிளம்பும் முன் அமராவதிச் சிற்பங்களைப் பார்த்தேன். கிருஷ்ணா நதிக்கரை ஸ்தூபியிலிருந்து வால்டர் எலியட் என்ற ஆங்கிலேய அதிகாரி 1845இல் எடுத்து மெட்ராஸுக்கு அனுப்பினார். அங்கே வெகுகாலம் வெயிலில் கிடந்து 1859இல் கப்பல் ஏறின. மீதி நம் எழும்பூரில். இதற்கும் ஃபோஸ்டருக்கும் என்ன சம்பந்தம் என்றால், அதே அமராவதியில் ஆந்திரத்தின் புதுத் தலைநகருக்குச் சட்டமன்றத்தையும் உயர் நீதிமன்றத்தையும் வரைந்தது இந்தக் கம்பெனிதான். இயக்குநர் ராஜமௌலியிடம்கூட ஆந்திர அரசு யோசனை கேட்டது நினைவிருக்கலாம். 2019இல் ஆட்சி மாறியதும் வேலை நின்றது, 2024இல் திரும்பவும் மாறியதும் மறுபடி உயிர் வந்தது. ஒரே ஊர்ப் பேர், இவர்கள் கூரைக்குப் பக்கத்தில் பழைய கல், இவர்கள் காகிதத்தில் புதுக் கல்.

நாள் 4, வியாழன்: இப்ஸ்விச், நார்விச்

இன்றைக்காகத்தான் வந்தேன். லிவர்பூல் ஸ்ட்ரீட்டில் ரயில் பிடித்தால் ஒரே பாதையில் இரண்டு ஊரும் வருகின்றன.

நார்மன் ஃபோஸ்டர் 1935இல் பிறந்து மான்செஸ்டரின் தொழிலாளர் குடியிருப்பில் வளர்ந்தவர். 16 வயதில் பள்ளியை விட்டு நகராட்சி அலுவலகத்தில் குமாஸ்தா. அப்புறம் விமானப் படை, அப்புறம்தான் கட்டடக்கலைப் படிப்பு, அங்கிருந்து அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகம். 1967இல் மனைவி வெண்டியோடு சேர்ந்து கம்பெனியைத் தொடங்கினார். ஆரம்ப கால வேலைகளில் ஒன்று லண்டன் கப்பல் துறையில் 1970இல் முடிந்த ஒரு கட்டடம். மூட்டை தூக்குகிறவரும் மேனேஜரும் ஒரே கூரையின் கீழ் சாப்பிடுகிற மாதிரி. இப்போது இல்லை, இடித்துவிட்டார்கள். இப்ஸ்விச்சில் இருப்பது அதன் தம்பி.

வில்லிஸ் ஃபேபர் காப்பீட்டு அலுவலகம், 1975. பாத்திரத்தில் ஊற்றிய தண்ணீர் போல, தெரு எங்கே வளைகிறதோ அங்கெல்லாம் கட்டடமும் வளைகிறது. மூன்று மாடிக்கும் புகை நிறக் கண்ணாடி, 890 துண்டு. சட்டம் கிடையாது, அலுமினிய ஃபிரேம் கிடையாது. நான்கு கண்ணாடி சந்திக்கும் மூலையில் உள்ளங்கை அளவு ஓர் உலோகத் தட்டு, அவ்வளவுதான். சாதாரணமாகக் கண்ணாடியைக் கீழே உட்கார வைப்போம். இங்கே தொங்கவிட்டிருக்கிறார்கள். மேல் கண்ணாடி கூரை விளிம்பைப் பிடித்துத் தொங்குகிறது, அதைப் பிடித்து அடுத்தது, அதைப் பிடித்து அதற்கடுத்தது. காற்றுக்கு வளையாமலிருக்க உள்பக்கம் கண்ணாடியிலேயே விலா எலும்பு. இதைத்தான் 30, 40 வருடம் கழித்து நாங்கள் சிலந்திக் கால் மாதிரியான ஸ்பைடர் கிளாம்ப் பிடி போட்டு ‘லேட்டஸ்ட்’ என்று விற்றோம்.

மூட்டில் விரல் வைத்துப் பார்த்தேன். 50 வருட மூட்டு, அரை விரல் அகலம், மேலிருந்து கீழ்வரை ஒரே கோடு. கண்ணாடியில் என் முகம், பின்னால் எதிர்த் தெருவின் ஓட்டு வீடுகள். பக்கத்திலேயே 1700 வாக்கில் கட்டிய ஒரு சிறிய பிரார்த்தனை மண்டபம். இரண்டும் இங்கிலாந்தின் மிக உயர்ந்த பாதுகாப்புப் பட்டியலில் இருக்கின்றன. கண்ணாடிக் கட்டடம் அந்தப் பட்டியலில் 1991இல் ஏறியபோது அதற்கு வயது 16தான்.

ஊழியர்களுக்குக் கீழ்த்தளத்தில் நீச்சல் குளம், மொட்டைமாடியில் புல்வெளி, நடுவில் எஸ்கலேட்டர். எழுபதுகளில், குமாஸ்தாக்களுக்கு! பழைய குமாஸ்தா மறக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன். குளத்துக்கு மேல் இப்போது தளம் போட்டு மூடிவிட்டார்கள், பாதுகாக்கப்பட்ட கட்டடம் என்பதால் குளம் அடியில் அப்படியே இருக்கிறது. உள்ளே விடவில்லை. வாசலில் நின்ற காவலர் மட்டும் என்ன வேண்டும் என்று கேட்டார். “கண்ணாடி பார்க்கிறேன்” என்றேன். நன்றாகப் பாருங்கள் என்பது போலக் கையைக் காட்டினார்.

மத்தியானம் நார்விச். பல்கலைக்கழக பஸ்ஸில் போய் இறங்கினால் புல்வெளி ஓரத்தில் நீளமான வெள்ளைக் கொட்டகை. உண்மையிலேயே கொட்டகைதான், விமானம் நிறுத்துகிற மாதிரி. செயின்ஸ்பரி கலை மையம், 1978. ராபர்ட், லிசா செயின்ஸ்பரி தம்பதி பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்த கலைப்பொருட்களுக்காகக் கட்டியது. உள்ளே ஒரு தூண் இல்லை. சுவரும் கூரையும் ஒரே தடிமன், 2 மீட்டருக்கு மேல். அந்தத் தடிமனுக்குள் எஃகுச் சட்டகம், குழாய், கழிப்பறை, விளக்கு எல்லாம் போய் ஒளிந்துகொண்டன. இரண்டு முனையிலும் தரையிலிருந்து கூரைவரை ஒரே கண்ணாடி.

இங்கே வந்த அமெரிக்க வடிவமைப்பாளர் பக்மின்ஸ்டர் ஃபுல்லர், கட்டடத்தின் எடை எவ்வளவு என்று ஃபோஸ்டரைக் கேட்டாராம். பதில் தெரியாமல் போய்க் கணக்குப் போட்டுப் பார்த்தால் 5,328 டன். அதில் பெரும்பகுதி யாரும் பார்க்காத அடித்தளக் கான்கிரீட். கட்டடக்காரர்கள் இந்தக் கதையைப் பக்தியோடு சொல்வார்கள். எங்கள் ஃபிட்டர் கேட்டது அதைவிட நல்ல கேள்வி என்பது என் கட்சி.

அதற்குப் பதிலும் இங்கேதான் கிடைத்தது. வெளிச் சுவர் முழுக்கத் தனித்தனிப் பலகை. போல்ட்டைக் கழற்றினால் ஒன்றை எடுத்துவிட்டு இன்னொன்றை மாட்டலாம், ஜன்னல் வேண்டிய இடத்தில் ஜன்னல், சுவர் வேண்டிய இடத்தில் சுவர். பலகைகளுக்கு இடையில் கறுப்பு நியோபிரீன் ரப்பர் பட்டை. அந்தப் பட்டைக்கு வாய்க்கால் வடிவம் கொடுத்திருந்தார்கள். மூட்டைத் தண்ணீருக்கு எதிராக அடைப்பதற்குப் பதில், மூட்டு வழியாகவே தண்ணீரை இறக்கிவிட்டார்கள். படித்துத் தெரிந்த விஷயம்தான். ஆனால் கட்டடத்தின் ஓரமாக ஒரு முனையிலிருந்து மறு முனைவரை நடந்து, மூட்டு எப்படிக் கூரையில் கிளம்பிச் சுவர் வழியாகத் தரைக்கு வருகிறது என்று பார்த்தபோதுதான் அவினாசி சாலையில் நான் செய்த தப்பு முழுசாகப் புரிந்தது.

ஆனால் இதுவும் தப்பவில்லை. முதலில் போட்ட வெள்ளி நிற அலுமினியப் பலகைகள் அரித்துப்போய், பத்தே வருடத்தில், 1988இல், எல்லாவற்றையும் கழற்றி இப்போதிருக்கும் வெள்ளைப் பலகைகளைப் போட்டார்கள். கழற்றும்படி கட்டியிருந்ததால் கழற்ற முடிந்தது என்று புகழலாம். பத்து வருடத்தில் கழற்ற வேண்டி வந்ததே என்று திட்டலாம். வாசலில் முடிந்ததைக் கொடுங்கள் என்றார்கள். ஐந்து பவுண்டு கொடுத்தேன்.

நாள் 5, வெள்ளி

நாள் முழுக்க மழை. எங்கும் போகவில்லை. அக்கா மகன் வீட்டுச் சமையலறைக் கூரை ஜன்னலில் ஒழுகுகிறது. “மாமா, ஒரு கை பாத்துக் குடுங்களேன்.” கடைக்குப் போய் சிலிக்கானும் அதைப் பிதுக்கும் துப்பாக்கியும் வாங்கி வந்து, ஏணி பிடிக்க அவனை வைத்து, போட்டுக் கொடுத்தேன். சாயங்காலம் முருகன் கோயில். திரும்பி வந்து பார்த்தால் சொட்டவில்லை. இது தற்காலிகம்தான் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

நாள் 6, சனி: வெள்ளரிப் பிஞ்சும் ஆற்றங்கரை அலுவலகமும்

காலையில் இவர்களுடைய கோபுரம், 30 செயின்ட் மேரி ஆக்ஸ். ஊர் வைத்த பேர் ‘கெர்கின்’, ஊறுகாய் வெள்ளரிப் பிஞ்சு. 1992இல் ஐ.ஆர்.ஏ. என்ற அயர்லாந்து ஆயுதக் குழுவின் குண்டு வெடித்துச் சிதைந்த பால்டிக் எக்ஸ்சேஞ்ச் கட்டடம் இருந்த மனை. 180 மீட்டர், 41 மாடி, 2004இல் ஸ்டெர்லிங் பரிசு. பார்க்க உருண்டையாக இருந்தாலும் வளைந்த கண்ணாடி உச்சியில் ஒன்றே ஒன்றுதான். மற்றதெல்லாம் தட்டைக் கண்ணாடி, செலவு மிச்சம். ஒவ்வொரு மாடியும் கீழ்மாடியைவிட 5 பாகை திரும்பியிருப்பதால் கறுப்புக் கண்ணாடிப் பட்டை சுற்றிச் சுற்றி ஏறுகிறது. கட்டும் முன் அகழ்ந்தபோது ரோமானியர் காலத்துச் சிறுமி ஒருத்தியின் எலும்புக்கூடு கிடைத்தது. 2007இல் அவளை இங்கேயே திரும்பப் புதைத்துக் கல்வெட்டு வைத்தார்கள். கோபுரத்தைப் படமெடுக்கிறவர்கள் அதன் மேல் பையை வைத்திருந்தார்கள்.

ஆற்றோரம் பழைய சிட்டி ஹால், லண்டன் மேயரின் அலுவலகமாக இருந்தது, இதுவும் இவர்கள் வரைந்ததுதான். 2002இல் பெருமையாகத் திறந்தது, வாடகை கட்டுப்படியாகாமல் 2021 கடைசியில் மேயர் காலி செய்துவிட்டுப் போய்விட்டார். அது எனக்குப் பிடிக்கவுமில்லை, கடந்து போனேன்.

பாட்டர்ஸீயில் ஹெஸ்டர் சாலை. 1990 முதல் கம்பெனியின் தலைமையகம். சனிக்கிழமையும் உள்ளே விளக்கு எரிந்தது. 1999இல் கட்டடக்கலையின் உலகப் பெரிய பரிசான பிரிட்ஸ்கர், பெர்லின் நாடாளுமன்றக் குவிமாடம், பிரான்சில் மியோ பாலம், கலிபோர்னியாவில் ஆப்பிள் வளையம் எல்லாம் இந்தப் பேரில். ஆனால் இப்போது இது ஒரு ஆள் கம்பெனி இல்லை. 2007இல் 3ஐ என்ற முதலீட்டு நிறுவனம் பங்கு வாங்கி, சில வருடம் கழித்து விலகியது. 2021இல் கனடாவின் ஹென்னிக் குடும்ப நிறுவனத்திடம் பெரும்பங்கு போனது. 2020இல், பருவநிலைக்காகக் கட்டடக்கலைஞர்கள் எடுத்த கூட்டு உறுதிமொழியிலிருந்து விமான நிலைய வேலைகள் குறித்த சர்ச்சையில் வெளியேறினார்கள். சவுதியின் பாலைவனத்துக்கு விமான நிலையம் வரைந்துகொண்டிருந்தார்கள் அப்போது. கெர்கினுக்குப் பக்கத்தில் 305 மீட்டரில் துலிப் மலர் மாதிரி ஒரு பார்வைக் கோபுரம் கட்டக் கேட்டு, 2021இல் அரசு முடியாது என்றுவிட்டது. முடியாது என்றதே நல்லது. மொட்டைமாடியில் குமாஸ்தாவுக்குப் புல் போட்டவர்களுக்கு, சுற்றுலாவுக்காக ஒரு கம்பம் எதற்கு?

ஆற்றோர பெஞ்சில் உட்கார்ந்து, நார்விச் கட்டடத்தின் படத்தை ஃபிட்டருக்கு அனுப்பினேன். வாய்க்கால் ரப்பர் விஷயத்தை மூன்று நிமிடக் குரல் செய்தியாக மூச்சு விடாமல் விளக்கினேன். அங்கே இரவு, தூங்கியிருப்பார் என்று நினைத்தேன். உடனே பதில் வந்தது.

“நல்லாத்தான் இருக்குதுங்ணா. ரப்பர் காஞ்சு வெடிச்சுட்டா?”

என்ன எழுதுவதென்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே பஸ் வந்துவிட்டது.